ஸ்விட்ச் கார்டுக்கு ரீஜியன் லாக் இல்லை

தம்பி, நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவி பற்றி, “ரொறன்ரோவில் வாங்கிய கேம் கார்ட் யாழ்ப்பாணத்தில் வாங்கிய ஸ்விட்சில் ஓடாது, மாமாவைக் கொண்டுவரச் சொல்லி ஏமாறாதீர்கள்” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது நின்டெண்டோவின் பழைய கருவியான 3டிஎஸ் காலத்துக் கதை. 3டிஎஸ், வீ (Wii) என்ற இரண்டு பழைய கருவிகளிலும், ஒரு பிராந்தியத்தில் விற்ற கேம் வேறு பிராந்தியக் கருவியில் ஓடாதபடி பூட்டு (ரீஜியன் லாக்) இருந்தது உண்மைதான். 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்சில் நின்டெண்டோ அதை எடுத்துவிட்டது. கனடா கார்ட், ஜப்பான் கார்ட் எல்லாம் ஒரே கருவியில் ஓடும். சீனாவில் டென்சென்ட் நிறுவனம் மூலம் விற்ற ஸ்விட்ச் மட்டும் வேறு மாதிரி.

சிக்கல் வருவது டிஎல்சியில், அதாவது கேமுக்குப் பிறகு இணையத்தில் வாங்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதிகளில். கார்ட் எந்த ரீஜியனோ, அதே ரீஜியன் இ-ஷொப்பில் (நின்டெண்டோவின் இணையக் கடை) வாங்கினால்தான் சேரும். கனடா கார்டுக்கு ஜப்பான் கணக்கில் வாங்கினால் காசு போனதுதான்.

நீங்கள் எச்சரிக்க வேண்டியது அடுத்த கருவியான ஸ்விட்ச் 2 பற்றித்தான். 2025இல் ஜப்பானில் 49,980 யென்னுக்கு வந்த பதிப்பில் ஜப்பானிய மொழி மட்டுமே உண்டு, ஜப்பான் கணக்கு மட்டுமே ஏறும். பல மொழிப் பதிப்பு அப்போது 69,980 யென். விலையைப் பார்த்து மயங்கி, பிறகு மெனுவை வாசிக்க ஆள் தேடக்கூடாது!

அப்புறம், ஸ்விட்ச் சார்ஜர் 100–240 வோல்ட் தாங்கும். இங்கே பிளக் மாற்றி ஒன்று போதும்.