கால்வாய் வந்து சேர ஏன் பதினைந்து வருஷம்?

காசு இல்லாத நாட்டில்தான் பாலமும் ரயிலும் இழுத்துக்கொண்டே போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் அதை நம்பவில்லை. நியூயார்க்கில் இல்லாத காசா? அங்கே செகண்ட் அவென்யூ சுரங்க ரயிலின் முதல் கட்டம் 2017-ல் திறந்தபோது, மூன்று கிலோமீட்டர்கூட நிறையாத பாதைக்கு ஏறக்குறைய 450 கோடி டாலர் செலவாகியிருந்தது. மாட்ரிட்டில் 1995-க்கும் 1999-க்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மெட்ரோ போட்டு முடித்தார்கள், கிலோமீட்டருக்கு ஆன செலவும் நியூயார்க்கில் ஆனதில் சிறு பங்குதான். அங்கே வேலை தெரிந்த இன்ஜினியர்கள் அரசாங்கத்திடமே இருந்தார்கள். சின்னக் குழுதான், ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்பு. வெள்ளத்தில் வீணாகக் கடலுக்குப் போகிற தண்ணீரைத் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட காட்டுக்குத் திருப்ப 75 கிலோமீட்டர் கால்வாய். 2009-ல் வேலை ஆரம்பித்தபோது மதிப்பு 369 கோடி. 2025 பிப்ரவரியில் திறந்தபோது ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. எங்கள் மாமா அந்தத் தண்ணீரை நம்பி எத்தனையோ வருஷம் முருங்கைத் தோட்டத்தை வைத்துக்கொண்டிருந்தார். கிணறு உப்பாகிப்போய், கடைசியில் விற்றுவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். கால்வாய் திறந்த செய்தியை நான்தான் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை.

நிலம் கொடுக்க மறுத்து கோர்ட்டுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாட்டன் சொத்தைக் கொடுத்துவிட்டு இழப்பீட்டுக்கு வருஷக்கணக்கில் நடக்க யாருக்குத்தான் மனசு வரும்? நிலம் முழுதாகக் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பூமி பூஜை போடுவதுதான் தப்பு. அப்புறம் துண்டு துண்டாகப் பணம் ஒதுக்குவார்கள், அதற்குள் கம்பி, சிமெண்ட் விலை ஏறும், மதிப்பீட்டைத் திருத்த ஃபைல் மறுபடி மேலே போகும், அது திரும்பி வருவதற்குள் வேலையை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துவைத்திருந்த இன்ஜினியருக்கு மாறுதல் வந்துவிடும். புதிதாக வருபவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்.

நம்ம நாட்டாலும் முடியும். மலையைக் குடைந்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் போட்ட கொங்கண் ரயில் 1990-ல் ஆரம்பித்து 1998-ல் முழுதாக ஓடியது. அந்த வேலைக்கென்றே தனி நிறுவனம், ஆரம்பம் முதல் தலைமையில் ரயில்வே இன்ஜினியர் இ. ஸ்ரீதரன்.

அடுத்த கால்வாயோ பாலமோ அறிவிக்கிறவர்களிடம் நான் தொகையைக் கேட்கப்போவதில்லை. நிலம் எவ்வளவு கையில் இருக்கிறது, முடியும்வரை மாறுதல் இல்லாமல் பொறுப்பில் இருக்கப்போகிற இன்ஜினியர் யார், இந்த இரண்டையும் ஊர்க்கூட்டத்திலேயே கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.