புதுப்பாளையம் எந்தப் பக்கம்?

அக்கா மகன் போன வாரம் கேட்டான். "மாமா, நேவியில இருந்தப்போ ஆப்பிரிக்கா எல்லாம் போனீங்களே, கடல் கொள்ளைக்காரங்களைப் பார்த்தீங்களா?" இல்லை என்றேன். "சிங்கம்?" அதுவும் இல்லை. "அப்புறம் என்னதான் பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போனை நோண்டப் போய்விட்டான். அது இரண்டு நாளாக உறுத்துகிறது, அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளையர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஏடன் வளைகுடாவில் நம் கடற்படைக் கப்பல்கள் ரோந்து போக ஆரம்பித்தது 2008 அக்டோபரில். நாங்கள் போனது அதற்குச் சில வருஷம் முன்னால். எங்களுடையது 'நட்புறவுப் பயணம்'. மும்பையில் கிளம்பி கென்யாவின் மொம்பாசா, தான்சானியாவின் தார் எஸ் சலாம், மொசாம்பிக்கின் மபூட்டோ, தென்னாப்பிரிக்காவின் டர்பன், சைமன்ஸ் டவுன், திரும்பும்போது மொரீஷியஸ். இரண்டரை மாதம். ஒரு துறைமுகத்தில் மூன்று நாள் நின்றால் அதில் ஒரு நாள் டியூட்டி, மிச்ச நாளிலும் மதியத்துக்கு மேல்தான் லிபர்டி, அதாவது கரைக்குப் போக அனுமதி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கரையில் நான் நடந்த நேரம் முழுசாகப் பத்து நாள்கூட வராது. ஆப்பிரிக்காவைப் பார்த்தேன் என்று எந்தக் கப்பல்காரனாவது சொன்னால் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

உண்மையில் நான் அதிகம் பார்த்தது பெயிண்ட். உப்புக் காற்றில் நாலு நாள் ஓடினால் போதும், கப்பலின் பக்கவாட்டில் துரு கண்ணீர் மாதிரி வழிந்து நிற்கும். அந்த முகத்தோடு வெளிநாட்டுத் துறைமுகத்துக்குள் போக முடியாது. முந்தின நாள் வெளியே நங்கூரம் போட்டு, கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து, சுத்தியால் துருவைக் கொத்தி, சிவப்பு பிரைமர் அடித்து, அதன் மேல் சாம்பல் நிறம். மறுநாள் காலை அதே ஆட்கள் வெள்ளைச் சீருடையில் டெக் ஓரம் வரிசையாக நிற்போம், நகத்துக்குள் சாம்பல் நிறம் போகாமல். மொம்பாசா என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது டர்பன்டைன் வாசனைதான்.

அந்த மொம்பாசாவுக்கு மும்பையிலிருந்து சுமார் 2,400 கடல் மைல், ஒரு வாரம் ஓடினோம். போய்ச் சேர ஒரு நாள் இருக்கும்போது பூமத்திய ரேகை. முதல்முறை தாண்டுகிறவர்களை வருணன் சபையில் நிறுத்தி, சமையலறைக் கழிவெல்லாம் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். வருணனாக வந்தவர் எங்கள் மெஸ்ஸின் (மாலுமிகள் சாப்பிட்டுத் தூங்கும் அறை) மூத்த மாலுமி, தாடி துடைப்பக் கயிறு. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை.

ஊருக்குள் ஜீசஸ் கோட்டை, 1593இல் போர்த்துகீசியர் கட்ட ஆரம்பித்தது. எல்லோரும் பீரங்கி பக்கம் நின்று போட்டோ எடுத்தார்கள். எனக்குப் பிடித்தது ஒரு சுவர். அங்கே காவலிருந்த ஆட்கள் அந்தக் காலத்தில் பொழுது போகாமல் கப்பல் கப்பலாகக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், பாயும் கொடிமரமுமாக. கப்பலில் வந்து இறங்கியவன் கரையில் உட்கார்ந்து கப்பலையே வரைந்திருக்கிறான் பாருங்கள். வெளியே வந்து டீ கேட்டால் 'சாய்', தின்பதற்குச் 'சப்பாத்தி'. அந்த ஊர் மொழியான சுவாஹிலியில் எங்களுக்கு அகராதி தேவைப்படவில்லை.

தார் எஸ் சலாமில் எனக்கு டியூட்டி. மபூட்டோவில் மழை.

டர்பனுக்கு வருவோம். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 கூலிகளைக் கொண்டுவந்து இறக்கிய இடம். 1911 வரை அப்படி ஒன்றரை லட்சம் பேர், கரும்புத் தோட்டத்துக்கு. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். பொதுமக்கள் கப்பலைப் பார்க்க அனுமதித்த நாளில் கூட்டம் ஜெட்டி முழுக்க நின்றது. கோவிந்தர், நாயுடு, மூட்லி, பிள்ளை என்று பெயர் சொல்கிறார்கள், பேசுவது இங்கிலீஷ். ஏணிப்படி பக்கம் ஆட்களைக் கைபிடித்து ஏற்றிவிடுகிற வேலை எனக்கு.

எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா என் சட்டையில் இருந்த பெயரைப் படித்தார். "தம்பி, டமிலா?" ஆமாம் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழ் தாத்தா, ஆயா, சோறு, காவடி, அப்புறம் ஒரு தேவாரம். தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தாராம். ஆடி மாதக் கூழ் ஊற்றுவதை அங்கே 'கஞ்சிப் பிரேயர்' மாதிரி ஏதோ சொல்கிறார்கள், வருஷா வருஷம் விடாமல் நடக்கிறது என்றார்.

கைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்தார். கப்பல் பட்டியலில் அவருடைய தாத்தாவின் வரி. ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது 22, வருஷம் 1890. ஜில்லா வட ஆற்காடு. தாலுகா கட்டத்தில் மை பரவி ஒன்றும் தெரியவில்லை. அடையாளக் குறி என்று ஒரு கட்டம், அதில் இடது புருவத்தில் தழும்பு. ஊர் பெயரை அந்த அம்மா 'பூடபோலியம்' என்று படித்தார். வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். நான் இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், சட்டென்று புரிந்தது. "புதுப்பாளையம்மா, புதுப்பாளையம்."

அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ள நாக்கில் புரளவில்லை. பின்னால் ஏணிப்படியில் கூட்டம் நிற்கிறது, ஆபீசர் முறைக்கிறார். அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "அது எந்தப் பக்கம்?" ஊர் எந்த மாவட்டம் என்று கேட்கிறார் என்று நினைத்து ஏதோ சொன்னேன். இல்லை, இங்கே நின்றால் எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டச் சொன்னார். வடகிழக்கைக் காட்டினேன். அங்கே கிரேனும் ஒரு கண்டெய்னர் அடுக்கும்தான் இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். விசாரித்து எழுதுகிறேன் என்று சொல்லி விலாசம் வாங்கி வைத்துக்கொண்டேன்.

டர்பனிலிருந்து கேப், அதாவது நன்னம்பிக்கை முனைப் பக்கம் போகிற கடல் பொல்லாதது. அகுல்யாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது, தென்மேற்கிலிருந்தே புயல்காற்று எதிர்த்து அடித்தால் அலை செங்குத்தாக எழும்பும், அதன் முன்னால் கடலில் பள்ளம் விழும். 1909இல் 'வராட்டா' என்ற கப்பல் டர்பனை விட்டுக் கிளம்பி 211 பேரோடு காணாமலே போனது இந்த வழியில்தான். எங்களுக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனால் இரண்டு நாள் சாம்பார் வைக்க முடியவில்லை, பூரியும் ஊறுகாயும்தான். நடு இரவு காவல் டியூட்டி முடித்து மெஸ்ஸுக்கு வந்தால் காற்றுக்குழாய் வழியாகக் கடல் உள்ளே வந்து, என் லாக்கருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். விலாசம் எழுதிய சீட்டு நீல நிறக் கூழாகியிருந்தது.

சைமன்ஸ் டவுனில் ஒரு நாய்க்குச் சிலை உண்டு. டிக்கெட் இல்லாமல் மாலுமிகளோடு ரயிலில் ஏறிக்கொண்டே இருந்ததாம், ரயில்வே புகார் செய்ய, பிரிட்டிஷ் கடற்படை 1939இல் அதை முறைப்படி மாலுமியாகவே சேர்த்துக்கொண்டது. 'ஜஸ்ட் நியூசன்ஸ்' என்று பெயர். நாய்க்கே பதிவேட்டில் முழு விவரம் இருக்கிறது, நான் ஒரு விலாசத்தைக் காப்பாற்றவில்லை.

ஊருக்கு வந்தபின் பயணத்தைப் பற்றிய செய்தியைப் படித்தேன், 'இருதரப்பு உறவை வலுப்படுத்தியது' என்று. மேல்டெக்கில் ஷாமியானா கட்டி, விளக்குப் போட்டு, பெரிய மனிதர்களுக்கு விருந்து வைத்தோமே, அதைச் சொல்கிறார்கள். நான் அதில் தட்டு ஏந்தி நின்றவன், என் கணக்கு வேறு. அந்த விருந்தில் ஒன்றைக் குறைத்துப் பொதுமக்கள் வருகிற நாளில் ஒன்றைக் கூட்டியிருக்கலாம். ஏணிப்படியில் நிற்கிறவனுக்கு அந்த ஊருக்கு யார் எப்படி வந்தார்கள் என்று ஒரு மணி நேரம் முன்கூட்டியே பாடம் எடுத்திருக்கலாம். பெயிண்டுக்கு ஒரு நாள் ஒதுக்க முடிகிறதே.

பென்ஷன் வாங்கியபின் பழைய வட ஆற்காட்டில் இரண்டு புதுப்பாளையத்துக்குப் போய் வந்தேன். தாலுகா தெரியாமல் எதைச் சொல்வது? இரண்டாவது ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர் யாரைத் தேடுகிறாய் என்றார். 1890இல் கப்பலேறிப் போனவர், இடது புருவத்தில் தழும்பு இருக்கும் என்றேன். பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், "நீ லேட்டா வந்துட்ட தம்பி."

டர்பன் பக்கம் யாராவது இதைப் படித்தால், அந்த அம்மாவின் வீட்டுக்காரர்கள் இருந்தால், எனக்கு எழுதுங்கள். இரண்டு ஊரின் ஏரிக்கரையையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.