பார்க் இடத்தில் சமுதாயக் கூடமா?

பார்க் இடத்தில் சமுதாயக் கூடம் கட்ட ஞாயிற்றுக்கிழமை பூஜை போட்டாயிற்று. திங்கட்கிழமை இரண்டு லோடு ஜல்லி இறங்கிவிட்டது. எந்த இடத்தைச் சொல்கிறேன் என்று பெங்களூர் ராமமூர்த்தி நகர், ஹொரமாவு பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சமுதாயக் கூடம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பார்க்குக்கு விட்ட இடத்தில் வேண்டாம். அவ்வளவுதான்.

லேஅவுட் பிளானில் பார்க் வேறு, பொது வசதிகளுக்கு விடும் சி.ஏ. சைட் வேறு. பி.டி.ஏ. (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) போடும் லேஅவுட்டில் குறைந்தது 15 சதவீதம் பார்க்குக்கும் விளையாட்டு மைதானத்துக்கும், அதற்கு மேல் 10 சதவீதம் பொது வசதிகளுக்கும் விட வேண்டும் என்கிறது பி.டி.ஏ. சட்டம். கூடம் அந்தப் பத்தில் வர வேண்டியது. பார்க் இடத்தை வேறு உபயோகத்துக்கு விற்றாலோ கொடுத்தாலோ செல்லாது என்று 38ஏ பிரிவு சொல்கிறது.

"கூடமும் பொதுநலம்தானே?" என்று கேட்கிறார்கள். சதாசிவநகர் பக்கம், ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கத்தில் பார்க் இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோதும் இதே வாதம்தான். அங்கே குடியிருந்தவர்கள்தான் கோர்ட்டுக்குப் போனார்கள். 1991-இல் சுப்ரீம் கோர்ட் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. ஆஸ்பத்திரிக்கே இடமில்லை என்றால் கல்யாண மேடைக்கு எப்படி வரும்?

"பொட்டலாகக் கிடந்ததுதானே" என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில் 50 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். மண் தரையாக இருந்தால் அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். காங்கிரீட் போட்டு மேலே இன்டர்லாக் கல் பதித்தால் கிட்டத்தட்ட மொத்தமும் ரோட்டுக்கு வந்து ராஜகாலுவேக்கு, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய்க்கு ஓடும். 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட்டில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதை மறந்துவிட்டோமா? அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில் போர்வெல் வற்றி டேங்கருக்குக் காத்திருந்தவர்களும் நாம்தான். அந்தப் பார்க் இடத்தில் 3 அடி விட்டம், 20 அடி ஆழத்தில் சிமென்ட் ரிங் இறக்கி, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணறு ஒன்று எடுத்தால், ஒரு தடவை நிரம்பினால் 4,000 லிட்டர் பிடிக்கும். இறங்க இறங்க மறுபடி நிரம்பும். முன்னால் சேறு தங்க ஒரு தொட்டி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அடியில் வண்டல் அடைத்துக் கிணறு வெறும் தொட்டியாகிவிடும்.

தண்ணீரைக்கூட விடுங்கள். 30x40 அடி சைட்டில் மூன்று மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் தெருவில் பிள்ளைகள் எங்கே போய் ஓடும்? முட்டிவலியோடு நடக்க வரும் பெரியவர்கள் பைக்குகளுக்கு நடுவிலா நடப்பார்கள்?

"நாம் தமிழர்கள், பிழைக்க வந்த இடத்தில் எதற்கு வம்பு?" என்று நம்மவர்களே சொன்னதுதான் அதிகம் வலிக்கிறது. வரி கட்டும்போது யாரும் தாய்மொழி கேட்பதில்லை. அர்ஜியை (மனுவை) கன்னடத்தில் எழுதுவோம், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரோடு சேர்ந்தே கையெழுத்துப் போடுவோம். அவர் பிள்ளையும் அங்கேதான் விளையாடுகிறது.

கோபத்தோடு சேர்த்து வேலையும் நடக்க வேண்டும். கர்நாடக அரசின் நில அளவை ஆப்பான திஷாங்க்கில் அந்த இடத்தில் நின்று சர்வே நம்பரை எடுங்கள். பஹணியில் (நிலப் பதிவேட்டில்) இன்னும் பழைய நிலக்காரர் பெயரே இருந்தால் ஆபத்து: லேஅவுட் போட்டவர் பார்க்கையும் ரோட்டையும் ஒப்படைத்து ரிலிங்க்விஷ்மென்ட் (உரிமை விடுப்பு) பத்திரம் பதியாமல் போயிருக்கலாம். வாரிசுகள் வந்து விற்பது அந்த ஓட்டை வழியாகத்தான். ஆர்.டி.ஐ.யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) அனுமதி பெற்ற பிளான் நகலையும் அந்தப் பத்திரத்தையும் மட்டும் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 150 வார்த்தைக்குள், ஒரே விஷயம். நீட்டி எழுதினால் அதைச் சொல்லியே திருப்பிவிடுவார்கள். பதிலுக்கு 30 நாள். அதற்குள் எல்லையை அளந்து காட்டும் ஹத்துபஸ்து சர்வேக்கு விண்ணப்பம் போட்டு எல்லைக்கல் நடவைக்க வேண்டும். கல் இல்லாமல் வேலி போட்டால் பக்கத்துச் சைட்காரர் ஐந்தடி உள்ளே வருவார்.

ஆரம்பத்தில் சைட் வாங்கியவர்களிடம் கிரயப் பத்திரத்தோடு லேஅவுட் பிளான் ஜெராக்ஸ் இருக்கும். பீரோவைத் திறந்து பாருங்கள். பார்க் பகுதியும் முத்திரையும் தெரிகிற மாதிரி படம் எடுத்து இன்று ராத்திரிக்குள் அனுப்புங்கள். நாளைக் காலை அர்ஜியோடு அதை இணைக்க வேண்டும்.