குடல் அடைப்பு வெறும் மலச்சிக்கல் இல்லை
"குடல் அடைப்பு என்பது முற்றிய மலச்சிக்கல்தான், பேதி மருந்து குடித்தால் திறந்துவிடும்" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு, ஆபத்தும்கூட. சிறுகுடல் அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம், பழைய வயிற்று ஆபரேஷனுக்குப் பின் உள்ளே உருவாகும் ஒட்டுத்தழும்புகள். பல வருடம் கழித்துக்கூட அவை குடலை மடக்கி இறுக்கிவிடும். அப்புறம் குடலிறக்கம் (ஹெர்னியா). குடலில் நீண்டகால அழற்சி உண்டாக்கும் கிரோன் நோயில் புண் ஆறி ஆறித் தழும்பேறி, குடல் பாதையே குறுகிப்போகும். குடல் காசநோயிலும் இப்படி நடக்கும். பெருங்குடல் அடைப்பு என்றால் புற்றுநோயா என்று அவசியம் பார்க்க வேண்டும். வழியே இல்லாத இடத்தில் பேதி மருந்து கொடுத்தால், குடல் இன்னும் வேகமாக முக்கி, ஓட்டை விழவும் வாய்ப்புண்டு. வயிறு உப்பி, விட்டுவிட்டு முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லையா? வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பதிவு எழுதியவர் தயவுசெய்து அந்த வரியை நீக்கிவிடுங்கள்.