பதினோரு பேரில் ஒன்பது பேர் ஓசி என்றாரே

அந்தக் கிளிப்பை நேற்றிலிருந்து எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் திரும்பத் திரும்ப வருகிறது. தருமபுரியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த ராத்திரி எட்டேமுக்கால் டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதைத் திரும்ப விடச் சொல்லி ஒரு கூட்டத்தில் கேட்டதற்கு அந்தப் பெரிய மனிதர் மைக்கைப் பிடித்து, "பஸ்ஸுல வர்றதே பதினோரு பேரு. அதுல ஒம்பது பேரு ஓசி. எட்டு மணிக்கு மேல பொம்பளைங்களுக்கு டவுன்ல என்னா வேலை?" என்று கேட்டார். கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் பேச்சைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த ஒன்பது பேரில் நான் ஒருத்தி.

என்ன வேலை என்று கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தருமபுரியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை சாத்த எட்டரை ஆகும். அன்றைய பில்லையும் கல்லாவையும் ஒத்துப்பார்த்து முதலாளியிடம் கொடுக்காமல் எழுந்து வர முடியாது. அந்த பஸ்ஸில் என்னோடு ஏறியவர்களில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற இரண்டு பெண்கள், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிற பிள்ளை, ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற அக்கா, பூக்கார ஆயா எல்லாரும் உண்டு. ஆயா விடியற்காலை முதல் பஸ்ஸில் சாமந்திப் பூ மூட்டையோடு வந்து, விற்றது போக மிச்சத்தைக் கட்டி முடித்து, கடைசி பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்புகிறவர். ஈரச் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் சொட்டிப் பக்கத்தில் இருப்பவர் சேலை நனையக்கூடாது என்று ஜன்னல் பக்கமே ஒடுங்கி உட்காருவார். அவரைத்தான் ஓசி என்றார்.

அந்த எட்டேமுக்கால் நடையை, அதாவது அந்த ஒரு டிரிப்பை, நிறுத்தியதற்குச் சொல்லப்படும் காரணம் வசூல் இல்லை என்பது. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். அதனால் இதைக் கணக்காகவே பேசுகிறேன். ஒரு பஸ்ஸால் ஊருக்கு என்ன வருமானம் என்பது கண்டக்டர் பையில் தெரியாது. எங்கள் கடையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற கூலி எப்போதும் செலவுப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கூலியை நிறுத்தினால் இவ்வளவு மிச்சம் என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. இறக்காத சரக்கை எப்படி விற்பது? டவுன் பஸ் செலவும் அப்படிப்பட்டதுதான். ஆளை இறக்கினால்தான் ஊரில் வேலை நடக்கும், கடையில் வியாபாரம் நடக்கும்.

சரி, அந்த எட்டேமுக்கால் நடையை நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று? இப்போது கடைசி பஸ் ஏழரைக்கு. ஜவுளிக்கடைப் பெண்களில் ஒருத்தி முதலாளியிடம் போய், ஏழு மணிக்குக் கிளம்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள். "வியாபாரமே ஏழு மணிக்கு மேலதானம்மா, அப்போ போறேன்னா சம்பளத்துல பிடிச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, மாலைக் கூட்டத்தை நம்பித்தான் கடை ஓடுகிறது. ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்கிறார்கள். திரும்பும்போது காலியாக வர வேண்டுமே, அந்த அண்ணன்களும் பாவம். அவள் ஒரு நாள் சம்பளத்தில் அது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவள் வேலையை விட்டுவிட்டாள். இதில் ஒரு பைசா கண்டக்டர் பைக்கு வந்திருக்குமா? வந்திருக்காது. ஆனால் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் போய்விட்டது. இந்த நட்டத்தை எந்த அதிகாரி எந்த ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறார்?

ஓசி என்கிறார்களே, அதையும் பார்ப்போம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. ஏறினால் கண்டக்டர் எங்களுக்கும் டிக்கெட் கொடுக்கத்தான் செய்கிறார். இந்தப் பயணங்களுக்காக அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் மானியம் ஒதுக்குகிறது. அதாவது, எங்கள் டிக்கெட்டுக்கான பணம் பையில் விழாமல் வேறு வழியில் வருகிறது. பையை மட்டும் குலுக்கிப் பார்த்துவிட்டு வசூல் இல்லை என்று நடையை வெட்டினால் அது கணக்கே இல்லை. அந்த மானியம் யார் வீட்டுப் பணம்? சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் நானும் வரி கட்டுகிறேன். பூக்கார ஆயாவும் கட்டுகிறார்.

மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. எனக்கும் அதை ஒட்டித்தான் வருகிறது. முன்பெல்லாம் சம்பளம் வாங்கிய அன்றைக்கே பஸ்ஸுக்கென்று தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைப்பேன். மாசக் கடைசியில் அந்த டப்பா காலியாகி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று வாங்கி வேலைக்குப் போயிருக்கிறேன். வேலைக்குப் போவதற்கே கடன் வாங்குவது எவ்வளவு அவமானம் தெரியுமா? இப்போது அந்தப் பணத்தில் ஒரு சின்னச் சீட்டு கட்டுகிறேன். பொண்ணுக்கு டியூஷன் சேர்த்திருக்கிறேன். மிச்சம் எங்கே போகிறது? தருமபுரி கடைவீதிக்குத்தான் போகிறது. நாங்கள் அதைச் சிங்கப்பூர் பேங்கில் போடவில்லை. அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்களில் பாதிப் பேர் கடை வைத்திருப்பவர்கள். எங்கள் 888 ரூபாய் உங்கள் கல்லாவில் விழுகிறது ஐயா. எங்களைப் பார்த்தா சிரித்தீர்கள்?

"இப்ப எல்லார் வீட்டுலயும் டூவீலர் இருக்கே" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தம்பி கதை.

தம்பிக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது. பாலக்கோட்டுப் பக்கம் இருந்து ராயக்கோட்டை வழியாகப் போக வேண்டும். காலை ஷிப்டுக்கு நேரத்தில் போய்ச் சேருகிற பஸ் இல்லை. கம்பெனி வண்டி எங்கள் ஊர் வரை வராது. ஓசூரில் ரூம் எடுத்தால் வாடகையும் சாப்பாடும் சம்பளத்தை விழுங்கிவிடும். அதனால் தவணையில் பைக் வாங்கினான். போக வர நூற்று இருபது கிலோமீட்டருக்கு மேல். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில், நல்ல மைலேஜ் கொடுத்தாலும் தினம் இருநூற்றைம்பது ரூபாய். தவணை தனி, டயர் தனி, இன்சூரன்ஸ் தனி. வேலைக்குப் போகிறான் என்று ஊர் சொன்னது, ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்த பணம் குறைவுதான். அப்புறம் ஒரு மழைக்கால விடியலில் தக்காளி ஏற்றி வந்த வண்டி ஒன்று வளைவில் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. தொடை எலும்பில் இன்னும் பிளேட் இருக்கிறது. கீழே உட்கார்ந்தால் கை ஊன்றித்தான் எழுந்திருக்கிறான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அம்மாவின் தோடு முதல் போனது. பைக் தவணை மட்டும் நிற்கவில்லை, அவன் படுத்திருந்த மாதங்களிலும் கட்டினோம்.

அந்த ஷிப்ட் நேரத்துக்கு ஒரு பஸ் விட்டால் கலெக்‌ஷன் வராது என்றுதான் அப்போதும் சொன்னார்கள். விட்டிருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய என் தம்பியின் காலை எந்தப் பையில் எண்ணுவது?

டூவீலர் இருக்கே என்று சொல்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு வண்டி இருந்தால் அதன் சாவி யார் சட்டைப் பையில் இருக்கிறது?

"போக்குவரத்துக் கழகமே நட்டத்தில் ஓடுகிறது, ஓய்வு பெற்ற டிரைவர் கண்டக்டருக்குப் பணப்பலன் கொடுக்கவே காசில்லை" என்பார்கள். உண்மை. அந்த அண்ணன்கள் தங்கள் பணத்துக்காகத் தெருவில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறோம், அது பெரிய அநியாயம். ஆனால் நட்டம் எங்கிருந்து வந்தது? 2018 ஜனவரியில் கட்டணம் ஏறியபோது டீசல் அறுபது சொச்சம். பிறகு அது தொண்ணூறைத் தாண்டியது. அதற்கேற்பக் கட்டணத்தையும் ஏற்றவில்லை, அந்த இடைவெளியை முழுசாக நிரப்பவும் இல்லை. கட்டணம் ஏற்றாதது நல்லது, நானும் அதையே விரும்புகிறேன். ஆனால் அந்தப் பள்ளத்துக்கு ராத்திரி பஸ்ஸில் வருகிற ஒன்பது பெண்களைக் கைகாட்டுவது சரியில்லை.

மினி பஸ் வரும் என்கிறார்கள். வரட்டும், சந்தோஷம். தனியார் முதலாளி ராத்திரி ஒன்பது மணிக்குப் பதினோரு பேருக்காக வண்டி எடுப்பாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் எந்தக் கட்சி என்று கேட்பவர்களுக்கு: கர்நாடகத்தில் 2023 ஜூனில், தெலங்கானாவில் அதே வருடம் டிசம்பரில், ஆந்திராவில் 2025 ஆகஸ்டில் பெண்களுக்கு இலவச பஸ் வந்தது. எல்லாம் ஒரே கட்சியா?

கர்நாடகம் என்றதும் என் நாத்தனார் ஞாபகம் வருகிறது. இங்கே வேலைக்குப் போய்வர வழியில்லாமல் குடும்பத்தோடு பெங்களூரு போய், அப்பார்ட்மெண்டில் வீட்டு வேலை செய்கிறார். அங்கே இலவச பஸ் கர்நாடகத்துப் பெண்களுக்குத்தான். இவர் ஆதாரில் தருமபுரி முகவரி இருக்கிறது, அதனால் காசு கொடுத்துத்தான் போகிறார். மெட்ரோவில் போகலாம் என்றால் 2025 பிப்ரவரியில் அங்கே கட்டணத்தை ஏற்றி, அதிகபட்சம் 90 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். சொந்த ஊரிலும் பஸ் இல்லை, போன ஊரிலும் சலுகை இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பூட்டிக் கிடக்கிற வீடுகளை எண்ணிப் பாருங்கள். மண்ணில் வேலை செய்ய ஆள் இல்லை என்று புலம்புகிற அதே ஆட்கள்தான் பஸ்ஸுக்கு வசூல் கணக்கு கேட்கிறார்கள்.

பெரிய ஊருக்கு யாராவது இப்படிக் கணக்கு கேட்கிறார்களா? சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அந்தப் பணம் டிக்கெட் வசூலில் திரும்பி வரும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, சென்னைக்கு அது வேண்டும், கட்டட்டும். தொப்பூர் கணவாயில் உயர்மட்டச் சாலை வேண்டும் என்று கேட்டோம், அத்தனை உயிர் போன இடம், அதற்கும் நூற்றுக்கணக்கான கோடி. அதுவும் வேண்டும். எனக்கு எதிலும் பொறாமை இல்லை. எங்களுக்கு என்று வரும்போது மட்டும் ஏன் தலையை எண்ணுகிறீர்கள்? அந்தத் தலையிலும் ஏன் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பிரிக்கிறீர்கள்?

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-லேயே சின்ன ரயில் ஓடியது. பிறகு அது ஓசூர் வரை போனது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஓடியது. பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். மொரப்பூர் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள், இன்னும் ரயில் வரவில்லை. கிருஷ்ணகிரி 2004-லிருந்து தனி மாவட்டம், தலைநகரில் ரயில்வே ஸ்டேஷனே கிடையாது. வத்தல்மலைக்கு அரசு பஸ் ஏறியது 2022-ல்தான். கோட்டூர் மலைக்கு ஓட்டு மிஷின் கழுதை முதுகில் போனதை டிவியில் காட்டினார்கள், ஊரே வேடிக்கை பார்த்தது. ஓட்டு வாங்கக் கழுதையாவது அனுப்பினீர்கள். அந்த மலையில் பிரசவ வலி எடுத்தவளை எதில் இறக்கினார்கள் என்று யாராவது கேட்டார்களா? இவ்வளவையும் பொறுத்துக்கொண்ட ஜனங்கள் ஒரே ஒரு பஸ் கேட்டால், எட்டு மணிக்கு மேல் என்ன வேலை என்கிறார் அந்தப் பெரிய மனிதர். என்ன அர்த்தத்தில் கேட்டார் என்று எங்களுக்குப் புரியாதா? வேலை முடித்துக் களைத்து வருகிற பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மளிகை லிஸ்ட் போட்டுக் கொடுத்ததே நான்தான். ராத்திரி ஒன்பதாகிவிட்டது அன்றைக்கு. அப்போது என்ன வேலை என்று கேட்கவில்லை.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கிறோம். எட்டேமுக்கால் நடை வேண்டும், விடியற்காலை ஓசூர் ஷிப்டுக்கு ஒரு பஸ் வேண்டும், இந்த இரண்டுதான் மனுவில் இருக்கிறது. காலை ஒன்பதரைக்குள் கேட் பக்கம் வந்துவிடுங்கள், ஆதார் நகல் ஒன்று கொண்டுவாருங்கள். வேலைக்கு லீவு போட முடியாதவர்கள் முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடலாம், கைநாட்டு என்றாலும் சரி. பூக்கார ஆயா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர்களும் வந்தால் நன்றாக இருக்கும். கமெண்டில் ஓசி என்று எழுதுகிறவர்களை பிளாக் செய்துவிடுவேன், முன்னாடியே சொல்லிவிட்டேன்.