டோபமைன் டீடாக்ஸ் பண்றவங்க கவனத்துக்கு

எதுக்கெடுத்தாலும் டோபமைன் டோபமைன்னு கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. மூளைல செல்லுக்கு செல் சேதி கடத்தற ஒரு ரசாயனம் அது, இன்பம்னாலே அதுதான்னு ஊரே சொல்லுது. ரீல்ஸ் பார்த்தா டோபமைன், லைக் விழுந்தா டோபமைன், இதுல டோபமைன் டீடாக்ஸ் வேற. ரெண்டு நாள் போனைத் தொடாம இருந்தா மூளைல தேங்கிக் கிடக்கறதெல்லாம் வடிஞ்சிருமாம். செப்டிக் டேங்க்கா அது? போனை ஓரமா வைக்கறது நல்ல விஷயம்தான், தாராளமா வைங்க, ஆனா டோபமைன் நிஜமாவே வடிஞ்சு போனா ஒரு மனுசன் எப்படி ஆவான்னு நாங்க வீட்லயே பார்த்துட்டு இருக்கோம். பெரியப்பாவுக்கு பார்க்கின்சன்.

நடுமூளைல கருப்பா ஒரு சின்ன பகுதி இருக்கு, அங்க டோபமைன் செல்லுங்க கிட்டத்தட்ட பாதி செத்த பிறகுதான் கை நடுக்கமே வெளில தெரியும். அவருக்கு சந்தோஷம் போகல, நடைதான் போச்சு, சட்டை பட்டன் போடவே அரை மணி நேரம். 1957ல ஆர்விட் கார்ல்சன்ங்கற ஸ்வீடன் விஞ்ஞானி, டோபமைனைக் காலி பண்ற ரெசர்பைன்ங்கற மருந்தை முயலுக்குக் குடுத்து அசையாம படுக்க வச்சு, அப்புறம் எல்-டோபா ஊசி போட்டதும் அதுங்க எழுந்து நடமாடுச்சு, அதுவரைக்கும் டோபமைனை நார்அட்ரினலின்ங்கற இன்னொரு ரசாயனம் தயாராகற வழில வர்ற ஒரு சரக்காத்தான் நினைச்சிருந்தாங்க. 2000ல அவருக்கு நோபல். டோபமைனையே நேரா குடுக்கலாமேன்னா ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போக அதுக்கு வழி இல்ல, எல்-டோபா போகும், உள்ள போய் டோபமைனா மாறிக்கும்.

சரி, அப்ப இன்பம்? குரங்குக்கு ஜூஸ் குடுத்து வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்ங்கற மூளை ஆய்வாளர் பார்த்தது இதுதான்: பழகுன பிறகு ஜூஸ் வாய்ல விழும்போது டோபமைன் செல்லுங்க கண்டுக்கறதே இல்ல, ஜூஸ் வரப்போகுதுன்னு சொல்ற சிக்னலுக்குத்தான் துடிக்குது, சிக்னல் வந்தும் ஜூஸ் வரலைன்னா துடிப்பு அடங்கிருது. டோபமைனை அழிச்ச எலிங்க தானா போய் சாப்பிடாது, ஆனா நாக்குல இனிப்பை வச்சா ருசிச்சு சப்புக்கொட்டும். ஆசை வேற, ருசி வேற.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ரிசப்டர்தான், அதாவது டோபமைன் வந்து ஒட்டிக்கறதுக்கு செல்லுங்க மேல இருக்கற பூட்டு மாதிரி ஒண்ணு. அஞ்சு வகை, டி1, டி5 ஒரு கட்சி, டி2, டி3, டி4 எதிர்க்கட்சி, முதல் கட்சி செல்லுக்குள்ள ஏத்திவிடற சிக்னலை ரெண்டாவது இறக்கிவிடும். அதே டோபமைன் கிட்னில உப்பை சிறுநீரோட வெளியேத்துது, மூளைக்கு அடில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில டி2 வழியா, பால் சுரக்க வைக்கற புரோலாக்டின் ஹார்மோனை அடக்கி வைக்குது, வாந்தி வரவைக்கற இடத்துலயும் டி2 உட்கார்ந்திருக்கு. வாந்திக்கு டோம்பெரிடோன் போட்டிருப்பீங்க இல்ல, அது டி2வை அடைக்கற மாத்திரை, அதான் சில பேருக்கு புரோலாக்டின் ஏறி மார்ல பால் கசியும். மூளைக்குள்ள பெருசா நுழையாததால பெரியப்பா மாதிரி ஆளுங்களுக்கு டாக்டர் யோசிச்சாவது குடுப்பாரு, இதயத் துடிப்பை மட்டும் பார்க்கணும். வாந்திக்கே குடுக்கற இன்னொரு மருந்து மெட்டோகுளோபிரமைட், அது மூளைக்குள்ள போயிரும், நடுக்கம், இறுக்கம் எல்லாம் கூடும், பார்க்கின்சன் இருக்கறவங்களுக்கு அது ஆகாது. யார் வீட்லயாவது இருந்தா இதை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க.

கடைசியா ஒண்ணு, சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சு எழுதறேன். வாழ்க்கைல ஒரு லாட்டரி சீட்டு வாங்காத மனுசன் பெரியப்பா, திடீர்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல காசு வச்சு சீட்டாட ஆரம்பிச்சாரு, சேமிப்புல பாதி போன பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. வயசான காலத்துல புத்தி கெட்டுப் போச்சுன்னு எல்லாரும் திட்டுனோம், நானும்தான். அப்புறம் டாக்டர் மாத்திரை சீட்டைப் பார்த்துட்டு, டி2, டி3 ரிசப்டரைத் தட்டிவிடற புது மாத்திரை எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டாரு. தேதியைப் பார்த்தா சீட்டாட்டத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி. மெதுவா டோஸைக் குறைச்சு நிறுத்துனாங்க, ஒரு நாள் அவரே ஆப்பை டெலிட் பண்ணச் சொல்லி போனை என்கிட்ட நீட்டுனாரு. கை நடுக்கம் முன்னைக்கு இப்ப கொஞ்சம் கூடத்தான். பெரியம்மா இன்னும் மாத்திரை கதையை முழுசா நம்பல, பேங்க் பாஸ்புக் அவங்க பீரோலதான் இருக்கு.