ராத்திரி ஓடி வந்தவங்கள்லாம் ஒன்பதாம் நாள் எங்க?

யுனிவர்சிட்டில மனசு உடைஞ்சு போய் தற்கொலை வரைக்கும் யோசிக்கிற மாணவர்களுக்கான அவசர உதவி டீம்ல பல வருஷம் இருந்தாச்சு, அதுல பாதி நாள் டீமை நடத்துற பொறுப்பும் என் தலையிலதான். அந்த அனுபவத்துல சொல்றேன், நடுராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற போன் எங்களுக்குப் பெரிய கஷ்டமே இல்ல. அந்த நேரத்துல எல்லாரும் ஓடி வருவாங்க. வார்டன் வருவாரு, செக்யூரிட்டி வருவாரு, வண்டி வரும், டீன் போன்லயே இருப்பாரு, கிளாஸ்ல முகம் குடுத்துப் பேசாத பசங்க கூட ஹாஸ்பிடல் வாசல்ல விடிய விடிய உக்காந்திருப்பாங்க. அப்புறம் விடிஞ்சிடும். பிரச்சனையே அங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு பொண்ணு கதை சொல்றேன். யாருன்னு கண்டுபிடிக்கக் கூடாதுன்னு ரெண்டு மூணு பேரோட விஷயத்த கலந்துதான் சொல்றேன். அந்த மாதிரி ஒரு ராத்திரி முடிஞ்சு, வீட்டுக்குப் போயிட்டு ஒன்பதாம் நாள் திரும்பி வந்தா. வந்த அன்னிக்கே மெயில், அட்டெண்டன்ஸ் குறைவு, பரீட்சை எழுத முடியாதுன்னு. கம்ப்யூட்டர் தானா அனுப்புன மெயில்தான், யாரும் வேணும்னு பண்ணல. அவ டிபார்ட்மெண்ட்டுக்குப் போனா டீன் ஆபீஸ் போங்கறாங்க, அங்க போனா மெடிக்கல் சர்டிஃபிகேட் எங்கங்கறாங்க, ஹெல்த் சென்டர்ல போனா இது கவுன்சலர் விஷயம்மாங்கறாங்க. கடைசியா என் ரூமுக்கு வந்து உக்காந்தவ கேட்டது ஒரே கேள்வி: "நீங்க ஏழாவது ஆளு, மறுபடி முதல்லேருந்து சொல்லணுமா?"

எனக்கு மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா அந்த ராத்திரிய நாங்க எவ்வளவு அழகா கையாண்டோம்னு ஒரு வாரம் முன்னாடிதான் மீட்டிங்ல பெருமையா ரிப்போர்ட் படிச்சிருந்தேன்.

அன்னிலேர்ந்து நான் பிடிச்சுக்கிட்டு சண்டை போடுற விஷயம் ஒண்ணுதான். ஒரு ஸ்டூடண்ட்டுக்கு ஒரு ஆள். பேரோட. ஆபீஸ் பேரு இல்ல, மனுஷன் பேரு. அந்த ஆள் எட்டு இடத்துக்கு அலையட்டும், மெயில் போடட்டும், ஃபார்ம் நிரப்பட்டும், ஸ்டூடண்ட் அலையக் கூடாது. ரெஃபர் பண்ணிட்டோம்னு ஃபைலை மூடுறது எனக்குப் பிடிக்காத வேலை. ரெஃபர் பண்ண இடத்துக்கு அந்தப் பையன் போனானா, அங்க அப்பாயின்ட்மெண்ட் மூணு வாரம் கழிச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களான்னு யாராச்சும் பார்க்கணும்ல.

இதுக்கு உடனே வர்ற பதில், "அது ரகசியம், தகவல் பகிரக் கூடாது". 2007ல அமெரிக்காவுல வர்ஜீனியா டெக்ல ஒரு மாணவன் 32 பேரை சுட்டுக் கொன்னானே, அதுக்கப்புறம் நடந்த விசாரணையில வெளிய வந்ததுல முக்கியமானது இதுதான்: அவனைப் பத்தி ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் தெரியும், போலீசுக்குக் கொஞ்சம், ஹாஸ்டல்ல கொஞ்சம், கவுன்சலிங் சென்டர்ல கொஞ்சம். எல்லாத்தையும் ஒரே மேசையில யாரும் வைக்கல, சட்டம் தடுக்காத இடத்துலயும் தடுக்குதுன்னு தப்பா நினைச்சுட்டு வாய மூடிட்டு இருந்திருக்காங்க. (மனநலப் பிரச்சனை இருக்குற பசங்க ஆபத்தானவங்கன்னு இதை வச்சு யாராவது கமெண்ட் போட்டா டெலீட் பண்ணிடுவேன். அவங்கள்ல ரொம்பப் பெரும்பாலானவங்க யாரையும் ஒண்ணும் பண்ணாதவங்க.) கவுன்சலிங் ரூம்ல ஒரு ஸ்டூடண்ட் என்ன பேசுனாங்கன்னு ப்ரொஃபசருக்கு எதுக்கு? "இவங்களுக்கு அசைன்மெண்ட்டுக்கு ரெண்டு வாரம் டைம் குடுங்க"ன்னு மட்டும் தெரிஞ்சா போதும். இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதி சண்டை தீந்துடும்.

2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, எட்டு நாடு, 19 கல்லூரி, கிட்டத்தட்ட 14,000 முதல் வருஷப் பசங்க. மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல, வாழ்க்கையில ஏதாவது ஒரு கட்டத்துல மனநலக் கோளாறு இருந்ததுக்கான அறிகுறி. இத்தனை பேருக்கும் கவுன்சலர் போட முடியுமா? எந்த யுனிவர்சிட்டியாலயும் முடியாது. அதனாலதான் சொல்றேன், முதல்ல கவனிக்கிறவங்களுக்குப் பயிற்சி குடுங்க. ரூம்ல இருந்து வெளியவே வரலைன்னு முதல்ல தெரியறது துப்புரவு பண்ற அக்காவுக்குத்தான். ராத்திரி மூணு மணிக்குத் தனியா நடக்கிறான்னு தெரியறது செக்யூரிட்டி அண்ணனுக்கு. அவங்களைப் பயிற்சிக்குக் கூப்பிடணும்னு முதல் தடவை நான் சொன்னப்ப மீட்டிங்ல சிரிச்சாங்க.

இன்னொரு பயம், "சாகணும்னு தோணுதா"ன்னு நேரா கேட்டா நாமளே எண்ணத்த விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு. ஆகாது. அப்படிக் கேக்கறதால எண்ணம் கூடலைன்னு ஆய்வுகள் சொல்லுது, என் அனுபவத்துல கேட்டதும் பசங்க மூச்சு விடுறதத்தான் பாத்திருக்கேன். கேட்டுட்டு அவங்க கூடவே உக்காந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதணும், எப்ப நிலைமை மோசமாகுதுன்னு அவங்களுக்கே தெரியற அறிகுறி, அப்ப என்ன பண்ணலாம், யாருக்கு போன் போடலாம், ரூம்ல எதை அப்புறப்படுத்தணும், இதெல்லாம் அவங்க வார்த்தையிலயே. அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி எமர்ஜென்சிகள்ல இதைப் பண்ணி, கூடவே வீட்டுக்குப் போனப்புறம் போன் போட்டு விசாரிச்சும் பாத்தாங்க. அடுத்த ஆறு மாசத்துல தற்கொலை முயற்சி மாதிரியான சம்பவங்கள் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுதுன்னு 2018ல வெளியிட்டாங்க. அந்த போன் காலைத்தான் நாம எல்லாரும் விட்டுடறோம். திட்டம் எழுதி பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைப்பு.

அப்புறம் இந்த "வீட்டுக்குப் போயி சரியானதும் வா" சமாச்சாரம். சில பேருக்கு லீவ் நிஜமாவே தேவை, அதை மறுக்கல. ஆனா உதவி கேட்டதுக்கு வெளிய அனுப்பிட்டாங்கன்னு ஒரே ஒரு பையனுக்கு நடந்தா போதும், ஹாஸ்டல் முழுக்கத் தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் ஒருத்தனும் கதவத் தட்ட மாட்டான். அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டி மேல இது சம்பந்தமா கேஸ் போட்டு, 2023ல சமரசமாகி லீவ் விதிகளையே மாத்துனாங்க. அவ்வளவு பெரிய இடத்துலயே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்துச்சு. என்னைக் கேட்டா லீவ் லெட்டர்ல கையெழுத்து வாங்கறப்பவே, திரும்பி வர்ற தேதியும் வந்தா யாரைப் பாக்கணும்ங்கறதும் எழுதிக் குடுத்துடணும்.

டீமைப் பத்தியும் கொஞ்சம். ராத்திரி கேஸ் பாத்தவங்கள காலைல ஒன்பது மணி மீட்டிங்குக்குக் கூப்பிடாதீங்க சாமி. நானே கூப்பிட்டிருக்கேன், அந்த மடத்தனத்துக்கு ஒரு நல்ல கவுன்சலரை இழந்தேன். வேலைய விட்டுப் போறப்ப "உங்களுக்கு நாங்க யாரு"ன்னு கேட்டாங்க, பதில் சொல்லத் தெரியல.

இப்ப என் காலண்டர்ல ஒவ்வொரு கேஸுக்கும் ஒன்பதாம் நாள்ல ஒரு குறிப்பு இருக்கும். அன்னிக்கு அந்த ஸ்டூடண்ட்டுக்கு ரெண்டு வரி மெசேஜ், "எப்படி இருக்கே, ஏதாவது ஃபார்ம் பாக்கி இருந்தா சொல்லு". பாதி பேர் பதில் போட மாட்டாங்க, நானும் எதிர்பாக்கறதில்ல. ஒரு பையன் மட்டும் நாலு மாசம் கழிச்சு அதே மெசேஜுக்குக் கீழ பதில் போட்டான், "சார், அடுத்த செமஸ்டர் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் எங்க குடுக்கணும்?"

நானே வாங்கிட்டுப் போயி குடுத்துட்டு வந்தேன்.